பூட்டைத் திறக்குமுன் பூட்டியவரைக் கேளுங்கள்!

"மாமா, போன் கெட்டுப் போச்சு!"

இப்படிக் கத்திக்கொண்டே ஓடி வந்தான் என் அக்காள் மகன். வயது 11. ஆறாம் வகுப்பு படிக்கிறான். அவன் கையில் அக்காளின் செல்போன்.

வாங்கிப் பார்த்தேன். போனுக்கு ஒன்றும் இல்லை. பாட்டுப் பாடியது. படம் ஓடியது. அவன் ஆடும் விளையாட்டும் நன்றாக ஓடியது. ஒரே ஒரு காரியம்தான் நடக்கவில்லை. அந்த விளையாட்டுக்குள் "வைரம்" என்று ஒரு சாமான் விற்கிறார்கள். அதை வாங்கப் போனால், போன் கடவுச்சொல் கேட்டு வழியை மறித்தது.

"89 ரூபாய்தான் மாமா. அம்மாவே வாங்கிக்கச் சொல்லிட்டாங்க" என்றான் பையன்.

அக்காளும் அடுப்படியில் இருந்தபடியே, "ஆமாம் தம்பி! பரீட்சை நல்லா எழுதியிருக்கான். ஒரு தடவை வாங்கிக் கொடுத்துடு" என்றாள்.

நான் கல்லூரியில் படித்தவன். பத்திரிகையில் எழுதுகிறவன். இது எனக்கு எம்மாத்திரம்? அத்தான் டைரியில் குறித்து வைத்திருந்த கடவுச்சொல்லைத் தேடி எடுத்தேன். போனில் உள்ள கடையின் செட்டிங்சுக்குள் போனேன். "ஒவ்வொரு முறையும் கேள்" என்று இருந்ததை, "கேட்க வேண்டாம்" என்று மாற்றினேன்.

அடுத்து, பணம் அனுப்பும் ரகசிய எண் வேண்டும்.

"அக்கா, பின் நம்பர் என்ன?" என்று கேட்டேன். அக்காள் அங்கிருந்தே உரக்கச் சொன்னாள். பையன் என் பக்கத்தில்தான் நின்றான்.

வைரம் வந்தது. பையன் குதித்தான். "மாமா கெட்டிக்காரர்" என்ற பட்டமும் எனக்குக் கிடைத்தது.

சீட்டுப் பணம் எங்கே?

பன்னிரண்டு நாள் கழிந்தது. மாதச் சீட்டுக் கட்டும் நாள் வந்தது. சீட்டு நடத்தும் அம்மாள் வீட்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அக்காள் போனை எடுத்துப் பணம் அனுப்பினாள். "போதிய பணம் இல்லை" என்று பதில் வந்தது. மறுபடியும் அனுப்பினாள். மறுபடியும் அதே பதில்.

அக்காளுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏழு வருடமாக ஒரு நாள் கூடத் தவறாமல் சீட்டுக் கட்டியவள் அவள். "நாளைக்குக் கட்டாயம் தந்துவிடுகிறேன்" என்று சொல்லி அந்த அம்மாளை அனுப்பிவிட்டு, எனக்குப் போன் செய்து அழுதாள். யாரோ திருடன் வங்கியில் புகுந்து பணத்தை எடுத்துவிட்டான் என்பது அவள் எண்ணம்.

ஓடினேன். போனில் "வாங்கிய கணக்கு" என்று ஒரு பக்கம் உண்டு. அதைத் திறந்து பார்த்தேன். நான் வாங்கிக் கொடுத்த வைரத்துக்குப் பிறகு, 89 ரூபாய் 6 தடவை. 179 ரூபாய் 4 தடவை. 449 ரூபாய் 2 தடவை. ஆக மொத்தம் 2,148 ரூபாய்!

பணம் போகும்போதெல்லாம் வங்கியிலிருந்து தகவல் வந்திருக்கிறது. ஆனால் அதுவும் அதே போனுக்குத்தான் வந்திருக்கிறது! அக்காள் அதைப் பார்க்கவே இல்லை.

பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் பொய் சொல்லவில்லை. கண்ணில் நீர் முட்ட நின்றான். பிறகு சொன்னான்:

"மாமாதானே திறந்து விட்டீங்க!"

எனக்குப் பதில் வரவில்லை.

அன்று இரவு, வெளியூரில் வேலை பார்க்கும் அத்தானுக்குப் போன் செய்தேன். அவர் கோபப்படவில்லை. "அதை நான்தான் பூட்டி வைத்தேன், மாப்பிள்ளை. எதற்குப் பூட்டினேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

நுழைவுதான் இலவசம்

ஊரில் பொருட்காட்சி போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகக் காசு இல்லை. ஆனால் உள்ளே போனால் ராட்டினத்துக்குக் காசு, அப்பளத்துக்குக் காசு, பலூனுக்குக் காசு. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

செல்போனில் பல செயலிகளும் இப்படித்தான். போனில் இறக்கிக்கொள்ளக் காசு இல்லை. உள்ளே போன பிறகு ஒவ்வொன்றாக விற்பார்கள். விளையாட்டில் நாணயம், வைரம், புதுச் சட்டை. பாடச் செயலியில் அடுத்த பாடம். பாட்டுச் செயலியில் விளம்பரம் இல்லாத பாட்டு. இதற்குத்தான் "செயலிக்குள் வாங்குதல்" என்று பெயர். ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோனில் இது 2009-ல் வந்தது. ஆண்ட்ராய்டு போன்களுக்கு கூகுள் நிறுவனம் 2011-ல் கொண்டு வந்தது.

இப்படி வாங்கப் போகும்போது சில சமயம் போன் மறுத்துவிடும். உடனே நாம் என்ன செய்கிறோம்? "போன் ரிப்பேர்" என்று முடிவு கட்டுகிறோம். வீட்டில் விவரம் தெரிந்த பையனிடமோ, தெருமுனைக் கடைக்காரரிடமோ போனைக் கொடுத்து, "எப்படியாவது சரி செய்து கொடு" என்கிறோம். கூடவே ரகசிய எண்ணையும் சொல்லிவிடுகிறோம்!

கதவு திறக்கவில்லை என்றால், கதவு கெட்டுவிட்டது என்றா அர்த்தம்? யாராவது தாழ்ப்பாள் போட்டிருக்கலாம் அல்லவா?

பூட்டியது யார்?

வாங்க முடியாமல் போவதற்கு முக்கியமாக நான்கு காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் காரணம், வீட்டார் போட்ட பூட்டு.

ஐபோனில் "செட்டிங்ஸ்" என்ற பகுதிக்குள் "ஸ்கிரீன் டைம்" என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் "கன்டென்ட் அண்ட் பிரைவசி ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்" என்று இருக்கும். உள்ளடக்கத்துக்கும் அந்தரங்கத்துக்கும் போடும் கட்டுப்பாடு என்று பொருள். அதற்குள் ஐ-டியூன்ஸ், ஆப் ஸ்டோர் கடைகளில் வாங்குவதற்கான பகுதியைத் திறந்தால், "இன்-ஆப் பர்ச்சேசஸ்" என்று கண்ணில் படும். அதில் "அனுமதி இல்லை" என்று இருந்தால், எத்தனை தடவை அழுத்தினாலும் எதுவும் வாங்க முடியாது.

ஆண்ட்ராய்டு போனில் "பிளே ஸ்டோர்" என்ற கடையைத் திறக்க வேண்டும். மேலே வலப்பக்கம் வட்டமாக உங்கள் படமோ எழுத்தோ இருக்கும். அதைத் தொட்டு, செட்டிங்சுக்குள் போனால், வாங்கும்போது சரிபார்க்கும் பகுதி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லோ விரல் ரேகையோ கேட்க வேண்டுமா என்பதை அங்கேதான் வைக்க வேண்டும். போனுக்குப் போன் இந்தப் பெயர்கள் சற்று மாறும். இடம் ஏறக்குறைய இதுதான்.

இரண்டு கம்பெனிகளிலும் குடும்பக் குழு என்று ஓர் ஏற்பாடும் உண்டு. பிள்ளையின் போனைப் பெற்றோரின் போனோடு இணைத்துவிடலாம். பிள்ளை ஏதாவது வாங்கப் போனால், "வாங்கலாமா?" என்று பெற்றோரின் போனுக்குக் கேள்வி வரும். அவர்கள் சரி என்றால்தான் காரியம் நடக்கும். பிள்ளை "போன் ரிப்பேர்" என்று சொல்லும் நேரத்தில், அப்பாவின் போனில் அந்தக் கேள்வி பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்!

ஆனால் ஒன்று. கூகுளின் இந்த ஏற்பாடு, கூகுள் கடை வழியாகப் பணம் கட்டினால் மட்டுமே வேலை செய்யும். வேறு வழியாகப் பணம் போனால் பெற்றோருக்குக் கேள்வி வராது. இதை மறக்க வேண்டாம்.

பள்ளிக்கூடமோ அலுவலகமோ கொடுத்த போன் என்றால், பூட்டு அவர்களுடையதாக இருக்கலாம். அதை நாம் திறக்க முயலுவது சரியல்ல. கொடுத்தவரைக் கேட்பதே முறை.

வங்கி போட்ட பூட்டு

இரண்டாவது காரணம், பணம் கட்டும் வழி. வங்கியில் பணம் குறைந்திருக்கலாம். அட்டையின் காலம் முடிந்திருக்கலாம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற வரம்பைத் தாண்டியிருக்கலாம்.

மாதா மாதம் தானாகப் பணம் போகும் சந்தாக்களுக்கு ரிசர்வ் வங்கி ஒரு கட்டுப்பாடு கொண்டு வந்தது. அது 2021 அக்டோபர் 1-ந் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது. முதலில் ஒரு முறை, கணக்குக்கு உரியவர் தம் சம்மதத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு மாதமும் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக அவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு தடவையும் மறுபடி சம்மதம் கேட்க வேண்டும். இந்த 5,000 ரூபாய் வரம்பை 2022 ஜூனில் 15,000 ரூபாயாக உயர்த்தினார்கள்.

அதே 2022-ல் ஆப்பிள் நிறுவனம், இந்தியாவில் தன் கடையில் வங்கி அட்டைகளை வாங்குவதை நிறுத்தியது. யூ.பி.ஐ., நெட் பாங்கிங், முன்பணமாகக் கட்டி வைத்த இருப்பு ஆகியவற்றில் பணம் கட்டச் சொன்னது. அப்போது அட்டை வேலை செய்யவில்லை என்று போனைக் குறை சொல்லி என்ன பயன்? ஆகவே, பணம் கட்டும் இடத்தில் தடை வந்தால், முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள். அந்தக் கடை எந்த வழியில் பணம் வாங்குகிறது என்று பாருங்கள்.

மூன்றாவது காரணம், கணக்கு மாறிப்போவது. ஒரே போனில் அப்பாவின் கணக்கும் மகளின் கணக்கும் இருக்கும். ஒரு கணக்கில் பணம். இன்னொரு கணக்கில் வாங்கப் பார்ப்போம். எப்படி நடக்கும்?

நான்காவதுதான் உண்மையான கோளாறு. இணையம் சரியாக இல்லை. செயலி பழையது. போனில் தேதியும் நேரமும் தவறு. இவற்றைச் சரி செய்து, போனை ஒரு தடவை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பணம் போய்ச் சாமான் வரவில்லை என்றால் அவசரப்பட்டு மறுபடி அழுத்தாதீர்கள்! இரண்டு தடவை பணம் போய்விடும். வாங்கிய கணக்கைப் பாருங்கள். "நிலுவை" என்று இருந்தால் பொறுத்திருங்கள்.

அமெரிக்காவில் நடந்த வழக்குகள்

"இத்தனை பூட்டு எதற்கு? இது பெரிய தொந்தரவு" என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சங்கதி சொல்கிறேன்.

இந்த வியாபாரம் தொடங்கிய புதிதில் பூட்டு இவ்வளவு கெட்டியாக இல்லை. ஐபோனில் ஒரு தடவை கடவுச்சொல் போட்டால், அடுத்த 15 நிமிடத்துக்குக் கேள்வியே கிடையாது. அந்த 15 நிமிடத்தில் குழந்தை எத்தனை தடவை அழுத்தினாலும் பணம் போகும். கூகுள் கடையில் இது 30 நிமிடமாக இருந்தது.

அமெரிக்காவில் பெற்றோர்கள் கொதித்து எழுந்தார்கள். ஒரு தாய், தன் மகள் ஒரே விளையாட்டில் 2,600 டாலர் செலவழித்துவிட்டதாகப் புகார் செய்தார். அந்நாட்டு அரசின் வர்த்தக ஆணையம் விசாரித்தது. 2014 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் நிறுவனம் குறைந்தது 1 கோடியே 90 லட்சம் டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. கணக்குக்கு உரியவரின் தெளிவான சம்மதம் இல்லாமல் பணம் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையும் ஏற்பட்டது.

2022 டிசம்பரில் "போர்ட்நைட்" விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் மீதும் அதே ஆணையம் நடவடிக்கை எடுத்தது. ஆட்டக்காரர் தெரியாமல் அழுத்தி வாங்கிவிடும்படி பொத்தான்களை வைத்ததாகக் குற்றச்சாட்டு. திருப்பித் தர வேண்டிய தொகை 24 கோடியே 50 லட்சம் டாலர்!

ஆகவே, போன் ஒவ்வொரு தடவையும் நம்மைக் கேட்கிறது என்றால், அது பல பெற்றோர்கள் பணத்தை இழந்து, போராடி வாங்கித் தந்த கேள்வி. அதைத்தான் நான் "கேட்க வேண்டாம்" என்று ஒரு நொடியில் அழித்தேன்.

சாவி யாரிடம்?

நம் நாட்டில் இன்னொரு காவலும் இருக்கிறது. யூ.பி.ஐ. வழியாகப் பணம் கட்டினால் ரகசிய எண் கேட்கும். அட்டை வழியாகக் கட்டினால் போனுக்கு ஓ.டி.பி. என்ற ஒருமுறை எண் வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? போன் பிள்ளையின் கையில். ஓ.டி.பி. வருவதும் அதே போனில். ரகசிய எண்ணோ வீட்டில் அனைவருக்கும் மனப்பாடம்!

பெட்டியைப் பூட்டிச் சாவியை அதன் மேலேயே வைத்தால் அது பூட்டா?

இதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லி என்ன செய்வது? பல வீடுகளில் அம்மாவுக்குப் படிப்புக் குறைவு. ஆங்கில எழுத்தைக் கண்டால் பயம். போனை அமைத்துக் கொடுப்பதே பிள்ளைதான். அதாவது, பூட்டுக்குக் காவல் யாருக்கு எதிராகவோ, அவர் கையிலேயே சாவி!

ஆகவே தாய்மார்களே, உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போனில் எதைத் தெரிந்துகொள்ளாவிட்டாலும் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பூட்டு எங்கே இருக்கிறது? வாங்கிய கணக்கு எங்கே இருக்கிறது? ரகசிய எண்ணை மாற்றுவது எப்படி? அரைமணி நேரம் போதும். அரிசி, பருப்புக் கணக்கை மனத்திலேயே போடுகிற உங்களுக்கு இது பெரிய வித்தை அல்ல.

அதற்காக எப்போதும் பூட்டியே வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பரீட்சைக்குப் படிக்கும் மகள் பாடம் வாங்க வேண்டியிருக்கும். தாத்தா பாட்டுக் கேட்க ஆசைப்படுவார். வாங்கட்டும். உரியவர் உட்கார்ந்து, விலையைப் பார்த்து, தம் கையால் திறந்து வாங்கட்டும். வேலை முடிந்ததும் பூட்டைப் பழையபடி போடட்டும்.

பணம் போய்விட்டால்?

கூகுள் கடையில் தவறாக வாங்கியிருந்தால், 48 மணி நேரத்துக்குள் அந்தக் கடையிலேயே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதற்குப் பிறகு என்றால், செயலியை நடத்துகிறவரைக் கேட்க வேண்டியிருக்கும். ஆப்பிளிலும் குறை சொல்லிப் பணம் கேட்கத் தனிப் பக்கம் உண்டு. கேட்டால் கட்டாயம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்காதவருக்குக் கிடைக்காது. தாமதம் கூடாது.

வீட்டில் யாரும் வாங்கவில்லை, மோசடிதான் என்று தெரிந்தால், உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் புகார் கொடுக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. "இலவசமாக வைரம் தருகிறோம்", "பூட்டை உடைக்கும் செயலி" என்றெல்லாம் விளம்பரம் வரும். நம்பாதீர்கள்! இணையத்தில் தேடி எடுத்த எண்ணுக்குப் போன் செய்து, "கம்பெனி ஆள்" என்று பேசுகிறவரிடம் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். 89 ரூபாய் வைரத்தைத் தேடிப் போய், வங்கியில் உள்ளதை எல்லாம் இழக்க வேண்டாம்.

கம்பெனிகளுக்கு ஒரு வார்த்தை

செல்போன் கம்பெனிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தடை வரும்போது "வாங்க முடியாது" என்று மொட்டையாகச் சொல்கிறீர்கள். அதுவும் பல போன்களில் ஆங்கிலத்தில். எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு தாய்க்கு அதில் என்ன புரியும்? "இது உங்கள் குடும்பத்தார் போட்ட பூட்டு", "இது வங்கி மறுத்தது" என்று நல்ல தமிழில் சொன்னால் என்ன? வைரம் விற்கும் விளம்பரத்தை மட்டும் அழகான தமிழில் போடத் தெரிகிறதே!

அக்காள் வீட்டில் இப்போது புது ஏற்பாடு. ரகசிய எண்ணை மாற்றிவிட்டாள். எனக்கும் சொல்லவில்லை. அதுவே சரி. சீட்டுப் பணத்தை நான் கட்டினேன். திறந்து விட்டவன் நான்தானே!

பையனுக்கு மாதம் 50 ரூபாய் என்று அத்தான் கணக்கு வைத்திருக்கிறார். வைரம் வாங்கினாலும் சரி, சேர்த்து வைத்தாலும் சரி. சென்ற ஞாயிற்றுக்கிழமை அவன் என்னிடம் வந்தான். கையில் அதே போன்.

"மாமா, இது வாங்க முடியல" என்றான். பிறகு அவனே சொன்னான்: "அப்பா பூட்டியிருக்காங்க. கேட்டுட்டு வர்றேன்."

அவன் கேட்டுவிட்டு வரட்டும் என்று நானும் காத்திருந்தேன்.